ஓர் அறை, ஓர் அக்கா: உகாண்டாவில் ஒரு மானியம் வாங்கித் தந்தது என்ன?

உகாண்டாவின் கிழக்கே இகாங்கா, ஜிஞ்ஜா பக்கம் கரும்பும் வாழையும் செழித்த பூமி. ஜிஞ்ஜாவில்தான் விக்டோரியா ஏரியை விட்டு நைல் நதி கிளம்புகிறது. இந்த வட்டாரத்திலும், தலைநகர் கம்பாலா, அதை ஒட்டிய முகோனோ ஆகியவற்றைச் சுற்றியும் 2008 வாக்கில் சில ஊர்களில் பெண்பிள்ளைகளுக்கான மன்றங்கள் திறக்கப்பட்டன. மன்றம் என்றதும் பெரிதாக எதையும் நினைத்துக்கொள்ள வேண்டாம். ஊருக்குள் ஓர் அறை. வாரத்தில் ஐந்து நாள், பள்ளிக்கூடம் விட்ட பிறகு திறந்திருக்கும். உள்ளே அதே ஊரைச் சேர்ந்த ஒரு பெண் இருப்பாள், வருகிற பிள்ளைகளைவிடக் கொஞ்சம் மூத்தவள். 14 முதல் 20 வயதுக்குள் இருக்கும் எந்தப் பெண்ணும் வரலாம். படிக்கிறவள், படிப்பை விட்டவள், இடுப்பில் குழந்தையோடு வருகிறவள், யாருக்கும் தடையில்லை. கட்டணமும் இல்லை.

அறக்கட்டளைப் பணத்தில் ஆப்பிரிக்காவில் நடக்கும் இளைஞர் திட்டங்களுக்குக் கணக்கே இல்லை. அவற்றில் பெரும்பாலானவற்றிலிருந்து நம் கைக்கு வந்து சேருவது வழவழப்பான ஆண்டறிக்கையும் சிரித்த முகங்களின் படங்களும்தான். இந்த மன்றங்களை நான் ஆய்வுக்கு எடுத்துக்கொண்டதற்குக் காரணம் வேறு. இவை செய்தது என்ன, செய்யத் தவறியது என்ன என்று மூன்று நாடுகளில் தனித்தனியாக அளந்து பார்த்திருக்கிறார்கள். ஒரு நாட்டில் நன்றாக வேலை செய்தது. இன்னொன்றில் ஏறக்குறைய ஒன்றுமே நடக்கவில்லை. மூன்றாவது நாட்டில் நடுவழியில் எபோலா வந்துவிட்டது.

பணமும் யோசனையும்

யோசனை வங்கதேசத்தில் பிறந்தது. 1972-ல், போரின் சிதைவுகளுக்கு நடுவே ஃபஸ்லே ஹசன் அபெத் தொடங்கிய பிராக் நிறுவனம், அங்கே கிராமங்களில் பதின்வயதுப் பெண்களுக்கான மன்றங்களை ஏற்கெனவே நடத்தி வந்தது. 2006-ல் உகாண்டாவிலும் தான்சானியாவிலும் கால் வைத்தபோது அந்த அனுபவத்தையும் கையோடு கொண்டுபோனது. ஓர் ஏழை நாட்டின் கிராமத்தில் தேறிய முறை இன்னொரு ஏழை நாட்டின் கிராமத்துக்குப் போனது என்பதை இங்கே குறித்துக்கொள்ள வேண்டும். இந்தத் துறையில் சரக்கு வழக்கமாக வருவது நியூயார்க்கிலிருந்தும் லண்டனிலிருந்தும்.

பணம் மட்டும் அந்தப் பக்கத்திலிருந்துதான் வந்தது. மாஸ்டர்கார்டு நிறுவனம் 2006-ல் பங்குச்சந்தைக்கு வந்தபோது தன் பங்குகளில் சுமார் பத்தில் ஒரு பங்கை ஒதுக்கி ஓர் அறக்கட்டளையை உருவாக்கியது. டொராண்டோவில் இயங்கும் மாஸ்டர்கார்டு அறக்கட்டளை அதுதான். நிறுவனத்திலிருந்து தனித்து, தனக்கென ஒரு நிர்வாகக் குழுவோடு செயல்படுகிறது. பங்கு விலை பிற்பாடு ஏறிய ஏற்றத்தில், இன்று உலகின் மிகப் பெரிய அறக்கட்டளைகளில் ஒன்றாகிவிட்டது. உகாண்டா மன்றங்களுக்கு இதுவும், காலணி நிறுவனத்தின் நைக்கி அறக்கட்டளையும் மானியம் கொடுத்தன. அளந்து பார்க்கும் செலவில் உலக வங்கிக்கும் பங்கு உண்டு.

அன்றைய காற்று எந்தப் பக்கம் வீசியது என்பதையும் சொல்லிவிட வேண்டும். 2006-ல் முகமது யூனுஸுக்கும் கிராமீன் வங்கிக்கும் நோபல் அமைதிப் பரிசு கிடைத்திருந்தது. சிறுகடன் கொடுத்தால் வறுமை தீரும் என்று எல்லா அறக்கட்டளைகளும் நம்பிக்கொண்டிருந்த நேரம். உகாண்டா மன்றங்களின் திட்டத்திலும் கடைசிப் படியாகச் சிறுகடன் இருந்தது. அது என்ன ஆயிற்று என்பதற்குப் பிறகு வருகிறேன்.

சிக்கு

உகாண்டா மிக இளைய நாடு. மக்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் 18 வயதுக்குட்பட்டவர்கள். 1997-ல் தொடக்கக் கல்வியை இலவசமாக்கினார்கள், 2007-ல் உயர்நிலைக் கல்விக்கும் அதை நீட்டத் தொடங்கினார்கள். ஆனாலும் பெண்பிள்ளைகள் பாதியில் நின்றுவிடுவது நிற்கவில்லை. கையில் காசில்லாத பெண் காசுள்ள ஆணைச் சார்ந்திருக்கிறாள். அங்கே ஆளேற்றும் வாடகை மோட்டார் சைக்கிளுக்குப் பெயர் 'போடா போடா'. நம் காதுக்கு வசவு போல ஒலிக்கும். எல்லையிலிருந்து எல்லைக்கு ஆளேற்றியதால் 'பார்டர் டு பார்டர்' என்பது மருவி வந்த பெயர் அது. பள்ளிக்குப் போகிற பிள்ளையைக் காசு வாங்காமல் ஏற்றிப் போவதில் ஆரம்பித்து வேறெங்கோ போய் முடிகிற உறவுகளைப் பற்றிய பேச்சு அங்கே சாதாரணம். அப்புறம் கர்ப்பம். கர்ப்பம் என்றால் படிப்பு நின்றது. படிப்பு நின்றால் சம்பாத்தியம் இல்லை, மறுபடியும் ஓர் ஆணைத்தான் நம்பியிருக்க வேண்டும்.

இந்தச் சிக்கை அவிழ்க்க வந்தவர்கள் பெரும்பாலும் ஒரு நுனியை மட்டும் பிடித்து இழுத்தார்கள். எச்.ஐ.வி. விழிப்புணர்வு வகுப்பு நடத்தியவர்கள் தொழிலைப் பற்றிப் பேசவில்லை. தையல் வகுப்பு நடத்தியவர்கள் உடலைப் பற்றிப் பேசவில்லை. ஆணுறை பற்றித் தெரிந்துகொண்டாலும், சாப்பாட்டுக்கு அவனை நம்பியிருக்கும் பெண் 'போடு' என்று எப்படிச் சொல்வாள்? தையல் தெரிந்திருந்தாலும், பதினாறு வயதில் பிள்ளை பிறந்துவிட்டால் எந்தக் கடைக்கு வேலைக்குப் போவாள்? பிராக் இரண்டு நுனியையும் சேர்த்துப் பிடித்தது. வித்தியாசம் அவ்வளவுதான்.

அறைக்குள்ளே

மன்றத்துக்கு வருகிற பிள்ளைகளுக்கு முதலில் பொழுதுபோக்கு. பாட்டு, ஆட்டம், நாடகம், விளையாட்டு. பார்க்க வீண் செலவாகத் தெரியும். ஆனால் வா என்றால் வருவதற்கு ஒரு காரணம் வேண்டாமா? கர்ப்பத்தடை வகுப்பு என்று பலகை மாட்டிய இடத்துக்கு எந்த அம்மா மகளை அனுப்புவாள்?

அதற்குப் பிறகு வாழ்க்கைத் திறன் பாடங்கள். மாதவிலக்கு, கர்ப்பம், பால்வினை நோய்கள், எச்.ஐ.வி., குடும்பக் கட்டுப்பாடு, வன்புணர்ச்சி. சண்டையைப் பேசித் தீர்ப்பது எப்படி, பேரம் பேசுவது எப்படி. கூடவே சட்டமும். உகாண்டாவின் 1995 அரசியல் சாசனப்படி திருமண வயது 18 என்பது அங்கே பலருக்குப் புதுச் செய்தி. பெண் வீட்டாருக்கு மாப்பிள்ளை வீட்டார் கொடுக்கும் பரியப் பணமும் பாடத்தில் உண்டு. இது ஏட்டுச் சுரைக்காய் அல்ல. கணவனை விட்டு வெளியேறும் பெண்ணின் குடும்பம் அந்தப் பரியத்தைத் திருப்பிக் கொடுத்தாக வேண்டும் என்ற வழக்கம் செல்லாது என்று நாட்டின் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னதே 2015-ல்தான். அதுவரை அடி வாங்கிக்கொண்டு அங்கேயே இருந்த பெண்களுக்குப் பின்னால் பிறந்த வீட்டின் ஆடுமாட்டுக் கணக்கும் ஒன்று இருந்தது.

தொழிற்பயிற்சி என்றால் சிகை அலங்காரம், தையல், கோழி வளர்ப்பு, விவசாயம், கணினி, சில்லறை வியாபாரம். இதை நடத்த வெளியாட்களை அமர்த்தினார்கள். வாழ்க்கைப் பாடங்களை நடத்தியது பெரும்பாலும் அந்த ஊர் அக்காதான். அவளுக்கு ஒரு வாரப் பயிற்சி, பிறகு அவ்வப்போது மீள்பயிற்சி, கையில் ஒரு சிறு தொகை. அவள் ஆசிரியை அல்ல, செவிலியும் அல்ல. அதே கிணற்றில் தண்ணீர் எடுக்கிறவள். அவளிடம் கேட்கிற கேள்வியை டீச்சரிடம் கேட்க முடியாது.

அளவுகோல்

மொத்தம் 150 ஊர்கள். குலுக்கல் முறையில் 100 ஊர்களில் மன்றம் வைத்தார்கள், 50 ஊர்களை ஒப்பிட்டுப் பார்க்க அப்படியே விட்டார்கள். தொடக்கத்தில் ஒருமுறை, இரண்டு ஆண்டு கழித்து ஒருமுறை, நான்கு ஆண்டு கழித்து ஒருமுறை என்று ஆயிரக்கணக்கான பெண்களிடம் கணக்கெடுத்தார்கள். லண்டன் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸின் ஒரியானா பண்டியேரா, லண்டன் யுனிவர்சிட்டி காலேஜின் இம்ரான் ரசூல், உலக வங்கியின் மார்கஸ் கோல்ட்ஸ்டீன் உள்ளிட்டோர் செய்த ஆய்வு. முழு வடிவம் 2020-ல் வெளிவந்தது.

கேள்வித்தாள்தான் எனக்குப் பிடித்த பகுதி. 'நீ அதிகாரம் பெற்றுவிட்டாயா' என்று கேட்டால் யாரும் ஆமாம் என்றுதான் சொல்வார்கள். அதனால் அப்படிக் கேட்கவில்லை. குடும்பத்துக்குச் சம்பாதிக்க வேண்டியது யார்? கூடுதலாகப் படித்திருக்க வேண்டியது யார்? வீட்டில் குழாய் இல்லாவிட்டால் தண்ணீர் எடுத்துவர வேண்டியது யார்? குழந்தையைக் குளிப்பாட்டி ஊட்டிவிட வேண்டியது யார்? உடம்புக்கு முடியாதவர்களைப் பார்த்துக்கொள்ள வேண்டியது யார்? ஆணா, பெண்ணா, இருவருமா? தொழில் திறனையும் இதே பாணியில் துருவினார்கள். வாங்கும்போது பேரம் பேசி விலையைக் குறைப்பாயா, விற்கும்போது நல்ல விலைக்கு விற்பாயா, கொடுத்த கடனை வசூலிக்க உன்னால் முடியுமா, உனக்கு நீயே எத்தனை மதிப்பெண் போடுவாய்? அதிகாரம் என்ற பெரிய சொல்லைத் தண்ணீர்க் குடமாகவும் கடன் பாக்கியாகவும் உடைத்துக் கேட்ட கேள்விகள் இவை.

கிடைத்தது

நான்கு ஆண்டுகளுக்குப் பிறகு, மன்றம் இருந்த ஊர்களில் வருமானம் தரும் வேலை செய்யும் பெண்களின் அளவு 4.9 சதவீதப் புள்ளி கூடியிருந்தது. தொடக்க நிலையோடு ஒப்பிட்டால் 48 சதவீத உயர்வு. இரண்டும் ஒரே எண்தான். நூற்றில் பத்துப் பேர் சம்பாதித்த இடத்தில் பதினைந்து பேர் சம்பாதித்தார்கள். ஆண்டறிக்கையில் '48' என்று பெரிய எழுத்தில் போடுவார்கள், களத்தில் பார்த்தால் நூற்றில் ஐந்து பேர். இரண்டையும் சேர்த்து வைத்துப் படிக்கிற பழக்கம் நமக்கு வேண்டும். அந்த ஐந்து பேரிலும் பெரும்பாலோர் யாரிடமும் சம்பளத்துக்குப் போகவில்லை, சொந்தமாகச் சிறு தொழில் செய்தார்கள்.

பதின்வயதில் தாயாவது சுமார் மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. இளவயதில் கல்யாணம் செய்துகொள்வதும், சேர்ந்து வாழப் போய்விடுவதும் அதைவிடக் கூடுதலாகக் குறைந்தன. விருப்பமின்றிக் கட்டாயப்படுத்தப்பட்டு உறவு நேர்ந்ததாகச் சொன்ன பெண்கள் தொடக்கத்தில் 14 சதவீதம். முதல் இரண்டு ஆண்டுகளில் அது ஏறக்குறைய பாதியானது. இவ்வளவுக்கும் ஆண்களுக்கு என்று எந்த வகுப்பும் நடத்தவில்லை. ஊர் ஆண்கள் திருந்திவிட்டார்களா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. பெண்களுக்கு இடத்தை விட்டு நகர ஒரு வழி கிடைத்தது, மாலை நேரத்துக்குப் போக ஓர் இடம் இருந்தது, காசு கேட்டு நிற்க வேண்டிய தேவை கொஞ்சம் குறைந்தது. இது என் ஊகம்தான். ஆய்வில் எல்லாப் பாடமும் ஒரே பொட்டலமாகக் கொடுக்கப்பட்டதால், எந்தச் சரக்கு வேலை செய்தது என்று பிரித்துச் சொல்ல முடியாது.

தொழில் கற்றுக்கொடுத்தால் பிள்ளைகள் பள்ளியை விட்டு ஓடிவிடுவார்கள் என்ற பயம் பலருக்கு இருந்தது. அப்படி நடக்கவில்லை. படிப்பை நிறுத்தியவர்களில் சிலருக்குத் திரும்பப் போகலாமே என்ற எண்ணமும் வந்திருந்தது.

செலவு? தொடக்கச் செலவெல்லாம் முடிந்து மன்றம் ஓடத் தொடங்கிய பிறகு, ஊரில் உள்ள தகுதியான பெண் ஒருத்திக்கு ஆண்டுக்குச் சுமார் 18 டாலர்.

நெருடல்கள்

மன்றம் இருந்த ஊர்களில் ஒருமுறையாவது உள்ளே கால் வைத்தவர்கள் ஐந்தில் ஒருவர்தான். மீதி நான்கு பேர் வரவே இல்லை. மேலே சொன்ன எண்கள் வந்தவர்கள், வராதவர்கள் எல்லோரையும் சேர்த்து எடுத்த சராசரி. வந்தவர்களிடம் மாற்றம் இதைவிடப் பெரியதாக இருக்க வேண்டும், அல்லது அவர்கள் வழியாக வராதவர்களுக்கும் கொஞ்சம் பரவியிருக்க வேண்டும். ஆனால் வராத நான்கு பேர் யார்? வீட்டு வேலையிலிருந்து ஒரு மணி நேரம்கூட ஒழியாதவர்களாக இருக்கலாம் என்ற சந்தேகம் என்னை விடவில்லை. திட்டம் யாருக்குத் தேவையோ அவர்களே வர முடியாமல் போவது இந்தத் துறையின் பழைய நோய்.

உடலுறவு பற்றிய கேள்விகளுக்கான பதில்கள் அந்தப் பெண்கள் சொன்னவைதான். என்ன சொன்னால் வந்தவர்களுக்குப் பிடிக்கும் என்று மன்றத்துப் பிள்ளைகளுக்குத் தெரிந்திருக்கும் இல்லையா? பிள்ளை பிறந்த கணக்கில் அப்படி மறைப்பது கஷ்டம், அதனால் நான் அந்த எண்ணை அதிகம் நம்புகிறேன். நான்கு ஆண்டு முடிவில் முதலில் பதிவானவர்களில் கணிசமானோரைத் திரும்பக் கண்டுபிடிக்க முடியவில்லை என்பதும் ஒரு குறை. அந்த வயதில் பெண்கள் ஊர் மாறுவார்கள், பட்டணத்துக்கு வேலைக்குப் போவார்கள், கல்யாணமாகிப் போவார்கள்.

அப்புறம் அந்தச் சிறுகடன். மூன்றாம் ஆண்டில் வயது வந்த பெண்களுக்குக் கடன் கொடுக்க முன்வந்தார்கள். வாங்கியவர்கள் மிகக் குறைவு. அந்தக் காலத்தில் எந்தப் பகுதியின் மேல் நம்பிக்கை கொடிகட்டிப் பறந்ததோ, பெண்கள் அதைத் தொடாமலே முன்னேறியிருந்தார்கள். கோழி வளர்க்கவோ தலை பின்னிவிடவோ கடன் பெரிதாகத் தேவைப்படவில்லை போலும். அல்லது கடன் என்றால் என்ன என்று அவர்களுக்கு நம்மைவிட நன்றாகத் தெரிந்திருக்கும்.

எல்லை தாண்டியதும்

இதே மன்றம், இதே நிறுவனம், பக்கத்து நாடு. தான்சானியாவிலும் கிட்டத்தட்ட அதே காலத்தில், அதே குலுக்கல் முறையில் சோதித்தார்கள். வருமானத்திலோ, திருமணத்திலோ, கர்ப்பத்திலோ சொல்லிக்கொள்ளும்படி மாற்றம் இல்லை. கடனையும் சேர்த்துக் கொடுத்த மன்றங்களில் சேமிப்பு கூடியது, அவ்வளவுதான்.

ஏன்? பண்பாடு வேறு, மொழி வேறு என்று பெரிய விளக்கங்களைத் தேடுவது சுலபம். ஆய்வாளர்கள் சுட்டிக் காட்டிய காரணம் அதைவிடச் சின்னது. தான்சானியாவில் திட்டத்தை நடத்தப் போதுமான வசதி இல்லை. கூடுவதற்கு நிலையான, பாதுகாப்பான இடம் அமைவதே சிக்கலாக இருந்தது. பயிற்சியும் பொருள்களும் தட்டுப்பாடு. பாடத்திட்டம் உகாண்டாவில் இருந்தது போலவேதான் இருந்தது. தாளில் பார்த்தால் ஒரே திட்டம்.

மானிய விண்ணப்பம் எழுதிப் பார்த்தவர்களுக்கு இது எப்படி நடக்கும் என்று தெரியும். பட்ஜெட்டைக் குறைக்கச் சொன்னால் முதலில் கத்தி விழுவது இடம், வாடகை, நாற்காலி, பூட்டு மாதிரியான வரிகளில்தான். 'நிர்வாகச் செலவு' என்று ஒரு பெயரை ஒட்டிவிட்டால் போதும், வெட்டியவருக்கே பெருமை. 'பாடத்திட்டம்', 'திறன் மேம்பாடு' என்ற வரிகளில் யாரும் கை வைக்க மாட்டார்கள். ஆனால் மாலையில் எந்த வீட்டுத் திண்ணையில் இன்று மன்றம் என்று தெரியாவிட்டால், பதினைந்து வயதுப் பிள்ளையை எந்தத் தாய் அனுப்புவாள்? இன்றைக்கு ஒரு மரத்தடி, நாளைக்கு ஒரு கூடம் என்றால், ஆண்கள் வந்து போகிற இடத்தில் எந்தப் பெண் வாயைத் திறந்து கேள்வி கேட்பாள்?

கதவைச் சாத்திய ஊர்களில்

மூன்றாவது நாடு சியரா லியோன். 2014-ல் 200 கிராமங்களைத் தேர்ந்து, கணக்கெடுப்பை முடித்து, மன்றங்களைத் திறக்கிற நேரத்தில் எபோலா வந்தது. கிட்டத்தட்ட 4,000 பேரைக் கொன்றது. அந்த ஆண்டு நடுவில் மூடிய பள்ளிகள் 2015 ஏப்ரலில்தான் திறந்தன. சாலைகளை அடைத்தார்கள், சந்தைகளை நிறுத்தினார்கள். ஆய்வைக் கைவிடுவதற்கு அருமையான சாக்கு. ஆனால் ஆய்வாளர்கள் கைவிடவில்லை. பெரும்பாலான மன்றங்களும் இயங்கின, கடன் திட்டம் மட்டும் கைவிடப்பட்டது.

அதனால் யாரும் திட்டமிட்டுச் செய்ய முடியாத ஒரு சோதனை நடந்துவிட்டது: பள்ளிக்கூடம் இல்லாதபோது ஊரில் ஓர் அறை இருந்தால் என்ன ஆகும்? நோயின் முடக்கம் கடுமையாக இருந்து, மன்றமும் இல்லாத ஊர்களில், இளம்பெண்கள் ஆண்களோடு கழித்த நேரம் கூடியது, திருமணத்துக்கு வெளியே கர்ப்பமானவர்கள் கூடினார்கள், பள்ளிகள் மறுபடி திறந்தபோது படிக்கத் திரும்பியவர்களின் அளவு சுமார் 16 சதவீதப் புள்ளி சரிந்திருந்தது. மன்றம் இருந்த ஊர்களில் இந்தச் சரிவு பெரிய அளவுக்குத் தடுக்கப்பட்டது.

சரிவுக்குப் பின்னால் அரசின் கையும் இருந்தது. கர்ப்பம் வெளியே தெரிகிற பெண்கள் சாதாரணப் பள்ளிகளில் உட்காரக் கூடாது என்று 2015-ல் சியரா லியோன் அறிவித்தது. அதாவது தொற்றுநோயின்போது வீட்டில் அடைத்து வைத்து, அதனால் நேர்ந்த கர்ப்பத்துக்காகப் பள்ளியையும் சாத்தியது. 2019 டிசம்பரில் மேற்கு ஆப்பிரிக்க நாடுகளின் சமூக நீதிமன்றம் இதைத் தவறு என்றது, 2020 மார்ச்சில் தடை விலக்கப்பட்டது. அதே மாதம் உகாண்டா கொரோனாவுக்காகப் பள்ளிகளை மூடியது. முழுமையாகத் திறந்தது 2022 ஜனவரியில். உலகிலேயே நீண்ட மூடல்களில் ஒன்று அது.

மறுசுற்று

மாஸ்டர்கார்டு அறக்கட்டளை 2018-ல் தன் போக்கை மாற்றிக்கொண்டது. 2030-க்குள் ஆப்பிரிக்காவில் 3 கோடி இளைஞர்களுக்குக் கண்ணியமான வேலை, அவர்களில் 70 சதவீதம் பெண்கள் என்பது இப்போதைய இலக்கு. அந்தப் போக்கில் 2022-ல் பிராக்குடன் சேர்ந்து ஏழு நாடுகளில் 12 லட்சம் இளம்பெண்களுக்கான ஐந்தாண்டுத் திட்டம் ஒன்றை அறிவித்தார்கள். கானா, கென்யா, லைபீரியா, ருவாண்டா, சியரா லியோன், தான்சானியா, உகாண்டா. பழைய மன்றங்களின் அனுபவம்தான் இதற்கும் அடிப்படை.

உகாண்டாவின் 100 ஊர்களில் தொடங்கியது 12 லட்சம் பேர் என்று வளரும்போது எனக்கு உற்சாகத்தைவிடக் கவலைதான் முந்துகிறது. இலக்கு இவ்வளவு பெரிதானால் தலைக்கு ஆகும் செலவைக் குறைக்கச் சொல்லி நெருக்கடி வரும், வந்தே தீரும். பட்டியலில் தான்சானியா மறுபடியும் இருக்கிறது. இலக்கு நிறைவேறியது என்று ஓர் அறிக்கை என்றைக்காவது கைக்கு வந்தால், நான் முதல் பக்கத்து எண்களை அப்புறம் பார்த்துக்கொள்வேன். தான்சானியாவின் செலவுக் கணக்கைத் திறந்து, அதில் அந்த அறைக்கு எவ்வளவு போட்டிருக்கிறார்கள் என்று முதலில் தேடுவேன்.